மண்ணிடம் பாடம் கேட்டவர்!

விடுமுறை விட்டால் நீங்கள் எங்கே போவீர்கள்? பாட்டி வீடு, கடற்கரை, பூங்கா என்று ஒரு பட்டியலே சொல்வீர்கள், இல்லையா? அமெரிக்காவில் ஒரு பேராசிரியர் இருந்தார். அவரும் அவர் மனைவியும் ஐந்து பிள்ளைகளும் விடுமுறை நாட்களில் ஒரு பழைய கோழிக் கொட்டகையில் போய்த் தங்குவார்கள். மண்வெட்டியும் மரக்கன்றுகளும் அங்கே அவர்களுக்காகக் காத்திருக்கும்!

அந்தப் பேராசிரியரின் பெயர் ஆல்டோ லியோபோல்ட். பாழாய்ப் போன நிலத்தை, அந்த நிலத்துக்கே சொந்தமான செடிகளைக் கொண்டு மறுபடியும் உயிர்ப்பிக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு விடை தேடிய முன்னோடிகளில் அவரும் ஒருவர்.

லியோபோல்ட் 1887ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள், அயோவா மாநிலத்தில் பர்லிங்டன் என்ற ஊரில் பிறந்தார். மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள ஊர் அது. அப்பா மேசைகள் செய்யும் தொழிற்சாலை நடத்தினார். ஓய்வு நேரத்தில் மகனைக் காட்டுக்கும் சதுப்பு நிலத்துக்கும் அழைத்துச் செல்வார். அங்கே பார்த்த பறவைகளை எல்லாம் சிறுவன் ஆல்டோ குறித்து வைப்பான். பார்த்ததை எழுதி வைக்கும் இந்தப் பழக்கம் கடைசி வரை அவரை விட்டுப் போகவில்லை.

யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் படித்துவிட்டு, 1909ஆம் ஆண்டு அரசு வனத்துறையில் சேர்ந்தார். முதல் வேலை அரிசோனாவில். அந்தக் காலத்தில் ஓநாய்களைக் கொல்வது நல்ல காரியம் என்று எல்லோரும் நம்பினார்கள். ஓநாய் குறைந்தால் மான்கள் பெருகும் என்பது கணக்கு. இளம் அதிகாரி லியோபோல்டும் ஓநாய்களைச் சுட்டார்.

நடந்தது என்ன தெரியுமா? ஓநாய்கள் அழிந்த மலைகளில் மான்கள் அளவுக்கு மீறிப் பெருகின. புதர்களையும் இளங்கன்றுகளையும் மொட்டையாக மேய்ந்து தீர்த்தன. கடைசியில் தின்ன எதுவும் இல்லாமல் மான்களே பட்டினியால் மடிந்தன. இதைக் கண்ட லியோபோல்டின் எண்ணம் மெல்ல மெல்ல மாறியது. மண், செடி, மான், ஓநாய் எல்லாமே ஒரே சங்கிலியின் கண்ணிகள். ஒன்றை அறுத்தால் மற்றவையும் சிதறும் என்று புரிந்துகொண்டார்.

1924ஆம் ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்தின் தலைநகரான மேடிசனுக்குக் குடிபெயர்ந்தார். 1933ஆம் ஆண்டு அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார்.

அப்போது அமெரிக்காவுக்குப் பெரிய சோதனைக் காலம். நாட்டின் நடுப்பகுதியில் பிரெய்ரி என்ற பரந்த புல்வெளிகள் இருந்தன. அங்கே ஆளுயரத்துக்குப் புல் வளரும். பிரெய்ரி செடிகளில் பலவற்றின் வேர், தரைக்கு மேலே தெரியும் செடியைவிட ஆழமாக மண்ணுக்குள் இறங்கியிருக்கும். மண்ணைக் கட்டிப் பிடித்திருந்தவை அந்த வேர்கள்தான். கோதுமையும் சோளமும் பயிரிடுவதற்காக மக்கள் அந்தப் புல்வெளிகளை உழுதுவிட்டார்கள். 1930களில் கடும் வறட்சி வந்தது. பிடிப்பு இல்லாத மண், காற்றில் பறந்தது! 1934ஆம் ஆண்டு மே மாதம் கிளம்பிய ஒரு புழுதிப் புயல் நியூயார்க் நகரத்தின் வானத்தையே மறைத்தது.

அதே 1934ஆம் ஆண்டில், மேடிசன் பல்கலைக்கழகம் நகரின் ஓரத்தில் ஒரு தாவரத் தோட்டத்தைத் தொடங்கியது. அதன் ஆய்வுப் பொறுப்பில் லியோபோல்டும் இருந்தார். சாதாரணமாகத் தாவரத் தோட்டம் என்றால் உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் அரிய செடிகளைக் கொண்டுவந்து வைப்பார்கள். இவரும் இவருடைய நண்பர்களும் வேறு மாதிரி நினைத்தார்கள். மக்கள் உழுது மாற்றுவதற்கு முன் விஸ்கான்சின் எப்படி இருந்ததோ, அப்படியே ஒரு பகுதியை மறுபடியும் உருவாக்க விரும்பினார்கள்.

ஆனால் எப்படி? பிரெய்ரியை மறுபடி வளர்த்த அனுபவம் அவர்களுக்கு இல்லை. எனவே சோதித்துப் பார்ப்பதுதான் ஒரே வழி. 1935ஆம் ஆண்டு, பழைய மேய்ச்சல் நிலத்தில் வேலை தொடங்கியது. தப்பிப் பிழைத்த பிரெய்ரித் துண்டுகளிலிருந்து விதைகளைச் சேகரித்து விதைத்தார்கள். விதையோடு சேர்த்து அறுத்த வைக்கோலைப் பரப்பினார்கள். மண்ணோடு பெயர்த்த செடிக் கட்டிகளைக் கொண்டுவந்து நட்டார்கள். வேலையில்லாத இளைஞர்களுக்காக அரசு அமைத்த தொண்டர் படை மண்வெட்டி பிடித்தது. எது பிழைத்தது, எது பட்டுப்போனது என்பதைப் பார்த்துப் பாடம் கற்றார்கள்.

லியோபோல்டுக்கு இது போதவில்லை. அதே 1935ஆம் ஆண்டில், விஸ்கான்சின் ஆற்றின் அருகே 80 ஏக்கர் பண்ணை ஒன்றைச் சொந்தமாக வாங்கினார். சோளம் விதைத்து விதைத்துச் சத்தெல்லாம் இழந்த மணல் நிலம் அது. அங்கே உருப்படியாக நின்றது ஒரு கோழிக் கொட்டகை மட்டுமே. குடும்பமே சேர்ந்து எருவை அள்ளிச் சுத்தம் செய்து, அதைத் தங்கும் குடிசையாக மாற்றியது.

1936ஆம் ஆண்டு வசந்த காலத்தில் அந்த மண்ணுக்கே உரிய பைன் மரக் கன்றுகளை ஆயிரக்கணக்கில் நட்டார்கள். அந்தக் கோடையில் வறட்சி வாட்டி எடுத்தது. கிட்டத்தட்ட எல்லாக் கன்றுகளும் கருகிவிட்டன! வேறு யாராக இருந்தாலும் மண்வெட்டியைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். இவர்கள் அடுத்த ஆண்டும் நட்டார்கள். அதற்கு அடுத்த ஆண்டும் நட்டார்கள். பைன் மரங்களோடு புதர்களையும் காட்டுப் பூச்செடிகளையும் பிரெய்ரிப் புற்களையும் நட்டு, எது தாக்குப்பிடிக்கிறது என்று கவனித்தார்கள்.

திசைகாட்டிச் செடி என்று ஒரு பிரெய்ரிச் செடி உண்டு. அதன் பெரிய இலைகள் வடக்கு தெற்காக நிற்பதால் அந்தப் பெயர். மஞ்சள் பூப் பூக்கும் இந்தச் செடியைத் தன் பண்ணைக்குக் கொண்டுவர லியோபோல்ட் ஆசைப்பட்டார். தோண்டினார், தோண்டினார், வேருக்கு முடிவே தெரியவில்லை! சரி, விதை போட்டுப் பார்க்கலாம் என்று விதைத்தார். முளைத்தது. ஆனால் ஐந்து ஆண்டுகள் ஆகியும் பூக்கவில்லை. முதலில் வேரை ஆழமாக இறக்கிவிட்டு, பிறகுதான் பூப்பதைப் பற்றி யோசிக்கும் செடி அது. வறட்சியை அது தாங்கும் ரகசியம் இதுதான் என்று தெரிந்துகொண்டார்.

தாவரத் தோட்டத்தில் இன்னொரு வியப்பும் காத்திருந்தது. வெளியிலிருந்து வந்த புல்வகைகள் பிரெய்ரிச் செடிகளை நெருக்கின. 1940களில் அங்கே தாவரவியல் அறிஞர் ஜான் கர்டிஸ் கட்டுப்பாடாகத் தீ மூட்டிச் சோதனை செய்தார். அந்நியப் புல் பின்வாங்கியது. ஆழமான வேர் கொண்ட பிரெய்ரிச் செடிகளோ மறுபடி துளிர்த்தன!

1948ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். இயற்கையைப் பற்றி லியோபோல்ட் எழுதிய கட்டுரைகளை நூலாக வெளியிட ஒரு பதிப்பகம் ஒப்புக்கொண்டது. குடும்பமே மகிழ்ந்தது. ஒரே வாரத்தில், ஏப்ரல் 21ஆம் நாள், பக்கத்துப் பண்ணையில் தீப்பிடித்துப் புகை எழுந்தது. அணைக்க ஓடினார் லியோபோல்ட். தீயோடு போராடும்போதே மாரடைப்பு வந்து உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 61.

மறு ஆண்டு அந்த நூல் வெளிவந்தது. பிறகு பல மொழிகளுக்குச் சென்று, இலட்சக்கணக்கில் விற்றது. அவருடைய ஐந்து பிள்ளைகளும் இயற்கையை ஆராய்வதிலும் காப்பதிலும் ஈடுபட்டார்கள்.

மேடிசனில் அன்று நட்ட புல்வெளி சுமார் 70 ஏக்கர் பரப்பில் இன்றும் இருக்கிறது. மனிதர்கள் மீட்டெடுத்த பிரெய்ரிகளில் மிகப் பழையது அதுதான் என்கிறார்கள். இன்றும் அதைக் காக்கக் கட்டுப்பாடாகத் தீ மூட்டுகிறார்கள். கோழிக் கொட்டகையைச் சுற்றி, லியோபோல்ட் குடும்பம் நட்ட பைன் மரங்கள் ஓங்கி நிற்கின்றன.

குட்டி நண்பர்களே! மரம் நடுவது நல்ல செயல். அந்த மண்ணுக்கு எது சொந்தம், அங்கே எது பிழைக்கும் என்று தெரிந்து நடுவது இன்னும் நல்ல செயல். அதற்கு ஒரு நோட்டும் பென்சிலும் போதும். உங்கள் தெருவில் உள்ள மரம் எந்த நாளில் துளிர்க்கிறது, எந்த நாளில் பூக்கிறது, அதைத் தேடி யார் யார் வருகிறார்கள் என்று எழுதி வையுங்கள். ஆல்டோவும் அப்படித்தான் தொடங்கினார்!