எல்.எம்.எஸ். சுப்பாராவ்

டிப்ளமோதானா என்று தேனியிலும் கம்பத்திலும் நம்மை இளக்காரமாகப் பார்க்கிறவங்க உண்டு. அவர்களுக்கு எல்லாப்பிரகட சுப்பாராவைச் சொல்லலாம் நண்பர்களே!

1895-இல் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிக்கில் இரண்டு தடவை கோட்டை விட்டவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கி போட்டார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கலை. எம்.பி.பி.எஸ். போச்சு, அதற்குக் கீழான எல்.எம்.எஸ்.தான் கிடைத்தது.

அமெரிக்காவில் லெடர்லி ஆய்வகத்தில் அவர் குழு 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அதன் மூலக்கூறில் ஓரிடத்தில் அமினோ தொகுதியை மாட்டினால் அமினோப்டெரின். செல் அதை வைட்டமின் என்று நம்பி ஏமாறும், பெருகுவது நிற்கும். பாஸ்டனில் டாக்டர் ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் 10 பேருக்கு, தற்காலிகமாகத்தான், நோய் தணிந்தது. 1948 ஜூனில் அது அச்சேறியது. ஆகஸ்டில் சுப்பாராவ் போய்ச் சேர்ந்தார், வயது 53.

அமினோப்டெரினின் தம்பி மெத்தோட்ரெக்சேட் இன்றும் ஆஸ்பத்திரிகளில் இருக்கு. யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மாத்திரையும் அவர் குழு தந்ததே.