பெயரில் காற்று, கையில் இடி... ஹவா சிங்கைத் தெரியுமா மக்களே?

குன்னூரிலிருந்து ஊட்டிக்கு பஸ்ஸில் போகும்போது, வெலிங்டன் வந்ததும் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்திருப்பீங்க. மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்துக்குப் பயிற்சிக்கு வந்த பசங்க, பனி விலகுறதுக்கு முன்னாடியே ஓட ஆரம்பிச்சிருப்பாங்க. ஒட்ட வெட்டின தலைமுடி, கனமான பூட்ஸ், எல்லாருக்கும் ஒரே மாதிரி உடுப்பு. அதில் பெரும்பாலானவங்க வந்தது ஒரு நிலையான வேலைக்கும், மாசாமாசம் வீட்டுக்கு அனுப்புற சம்பளத்துக்கும்தான். தனக்குள்ள வேற என்ன திறமை இருக்குன்னு அவங்கள்ல பல பேருக்கு அப்போ தெரிஞ்சிருக்காது.

1956-ல், இங்கிருந்து ரொம்ப தூரத்தில், அப்படித்தான் 18 வயசுப் பையன் ஒருத்தர் ராணுவத்தில் சேர்ந்தார். பெயர் ஹவா சிங். இந்தியில் 'ஹவா' என்றால் காற்று. பெயர்தான் காற்று. ஆள் ஹெவிவெயிட்! அடுத்த பத்து வருஷத்தில் ஆசியாவின் நம்பர் ஒன் ஹெவிவெயிட் பாக்ஸர் ஆனார். அதோட நிற்கலை, நாலு வருஷம் கழிச்சு மறுபடியும் அதையே செய்து காட்டினார்.

ஹெவிவெயிட் பாக்ஸிங்னு சொன்னதும் உங்க மனசில் முகமது அலி வருவார், மைக் டைசன் வருவார். 'சார்பட்டா பரம்பரை' பார்த்தவங்களுக்கு வடசென்னை ஞாபகம் வரும். ஹவா சிங் பெயர் வருமா? வராது. அவர் தோத்ததால் இல்லை. அவர் ஜெயிச்சபோது பார்க்கிறதுக்கு ஆளில்லை என்பதால்!

மணல் காட்டிலிருந்து...

1937 டிசம்பர் 16-ல் உமர்வாஸ் என்ற கிராமத்தில் பிறந்தார் ஹவா சிங். இன்றைய ஹரியானாவில், பிவானி நகரத்தைச் சுற்றியுள்ள பகுதி அது. டெல்லியிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது பிவானி. நம்ம மலைக்கு அப்படியே நேர் எதிரான ஊருங்க. ராஜஸ்தான் பாலைவனத்தின் விளிம்பு என்பதால் மண்ணில் மணல் அதிகம், மழை குறைவு. கம்பும் கடுகும் விளையும். கோடையில் அனல் காற்று அடிக்கும், குளிர்காலத்தில் கை விறைக்கும்.

அந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு இளைஞனுக்கு அன்றைக்கு இருந்த வழிகள் இரண்டு: ஒன்று நிலம், இன்னொன்று ராணுவம். பொழுதுபோக்கு என்றால் குஸ்தி. பாக்ஸிங் என்பது வெள்ளைக்காரர்கள் ராணுவ முகாம்களில் விட்டுப்போன விளையாட்டு. கிளவுஸ் வேணும், ரிங் வேணும், சொல்லிக்கொடுக்க ஆள் வேணும். கிராமத்தில் இது மூணுமே கிடைக்காது.

அதனால்தான் ஹவா சிங்கின் கதையில் ராணுவம் இவ்வளவு முக்கியம். அன்றைய இந்தியாவில் ஒரு ஏழை வீட்டுப் பையன் பாக்ஸர் ஆகணும்னா, அதற்குப் பெரிய கதவு ராணுவம்தான். மூணு வேளை சாப்பாடு, தினசரி உடற்பயிற்சி, கோச், கிளவுஸ் எல்லாம் அங்கே கிடைத்தது. யூனிட்டுக்குள் போட்டி, யூனிட்டுகளுக்கு இடையே போட்டி, அப்புறம் கமாண்ட் அளவில் போட்டி எனப் படிப்படியாக மேலே ஏறலாம். மேல வர்றதுக்கு யார் சிபாரிசும் வேண்டாம். எதிரில் நிற்கிறவரை ஜெயிச்சா போதும்.

நாலே வருஷம்!

1960-ல் வெஸ்டர்ன் கமாண்ட் சாம்பியன்ஷிப் நடந்தது. அப்போது சாம்பியனாக இருந்த மொஹப்பத் சிங்கை வீழ்த்திப் பட்டத்தைப் பறித்தார் ஹவா சிங். ராணுவத்தில் சேர்ந்து நாலே வருஷம்!

அடுத்த வருஷமே தேசிய சாம்பியன் ஆனார். 1961-லிருந்து 1972 வரையிலான காலத்தில், தொடர்ச்சியாக 11 முறை தேசிய ஹெவிவெயிட் பட்டம் அவரிடம்தான் இருந்தது. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. நீங்க ஒண்ணாம் வகுப்பில் சேர்ந்தபோது சாம்பியனாக இருந்த ஒருத்தர், நீங்க பிளஸ் ஒன் முடிக்கிற வரைக்கும் சாம்பியனாகவே இருந்தா எப்படி இருக்கும்? அதுதான் ஹவா சிங்.

இது எவ்வளவு கஷ்டம்னு புரியணும்னா, அந்தக் காலத்து அமெச்சூர் பாக்ஸிங் எப்படி நடந்ததுன்னு தெரிஞ்சுக்கணும். ஒரு ரவுண்டு 3 நிமிஷம். மொத்தம் 3 ரவுண்டு. ஆக, வேலை 9 நிமிஷம்தான். ஆனா கனமான ஆட்களுக்கு இன்றைக்கு மாதிரி தனித்தனி எடைப் பிரிவுகள் கிடையாது. 81 கிலோவைத் தாண்டிட்டா எல்லாரும் ஒரே பிரிவுதான். நீங்க 85 கிலோ, எதிரில் நிற்கிறவர் 110 கிலோ என்றாலும் மோதித்தான் ஆகணும். தலைக்கவசமும் அப்போது கட்டாயமில்லை. நூறு கிலோ ஆளின் பஞ்ச் ஒண்ணு தாடையில் சரியா விழுந்தால், பாயிண்ட் கணக்கெல்லாம் அங்கேயே முடிஞ்சிடும்.

கைநழுவிய ஜகார்த்தா

தேசிய சாம்பியன் ஆன மறு வருஷமே அவருக்குப் பெரிய மேடை ஒன்று காத்திருந்தது. 1962 ஆகஸ்ட் கடைசியில் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி தொடங்கியது. ஹவா சிங்குக்கு அப்போது 24 வயது. உடம்பில் வேகமும் பலமும் ஒன்றாக இருக்கிற பருவம்.

ஆனா அது சீன எல்லையில் பதற்றம் ஏறிக்கொண்டிருந்த வருஷம். அக்டோபர் 20-ல் போரே வெடித்துவிட்டது. சிப்பாய்க்கு ரிங்கைவிட எல்லைதான் முதல் கடமை. ஹவா சிங்கால் ஜகார்த்தாவுக்குப் போக முடியவில்லை. அந்தப் போட்டியில் லைட்வெயிட் பிரிவில் பதம் பகதூர் மல் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டு பாக்ஸிங்கில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது.

ஒரு பாக்ஸருக்கு நாலு வருஷம் என்பது சாதாரண விஷயமில்லைங்க. எக்ஸாம் போனா ஆறு மாசத்தில் திரும்ப எழுதலாம். இங்கே அடுத்த வாய்ப்புக்கு நாலு வருஷம் காத்திருக்கணும். அதுவரை எடையைப் பார்த்துக்கணும், அடி வாங்கின கையையும் மூக்கையும் பார்த்துக்கணும், புதுசா வர்ற இளைஞர்களை ஒவ்வொரு வருஷமும் ஜெயிக்கணும். நடுவில் 1965-ல் இன்னொரு போரும் வந்தது.

ஹவா சிங் காத்திருந்தார். தேசியப் பட்டத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் காத்திருந்தார்.

பாங்காக்கில் ஒரு முறை... இன்னொரு முறை!

1966 நவம்பர் 1-ல் பஞ்சாபிலிருந்து பிரிந்து ஹரியானா என்ற புது மாநிலம் உருவானது. அடுத்த மாதமே பாங்காக்கில் ஆசிய விளையாட்டு. டிசம்பர் 9-லிருந்து 20 வரை நடந்த போட்டி அது. அந்த நாட்களுக்குள்தான் ஹவா சிங்கின் 29-வது பிறந்தநாளும் வந்தது. திரும்பி வரும்போது அவர் கழுத்தில் ஹெவிவெயிட் தங்கம்! மாநிலத்துக்கு வயசு ரெண்டு மாசம்கூட ஆகலை, அதற்குள் ஓர் ஆசிய சாம்பியன். அந்த ஆண்டின் அர்ஜுனா விருதும் அவருக்குக் கிடைத்தது.

1970 ஆசிய விளையாட்டு தென்கொரியாவின் சியோலில் நடந்திருக்க வேண்டியது. அவர்களால் நடத்த முடியாமல் போக, மறுபடியும் பாங்காக்குக்கே வந்தது. ஹவா சிங்குக்கு 33 வயது. இந்த வயசில் பல பாக்ஸர்கள் கிளவுஸைக் கழற்றி ஆணியில் மாட்டியிருப்பார்கள். ஆனா அதே ஊர், அதே எடை, அதே தங்கம்! அடுத்தடுத்த இரண்டு ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வென்ற ஒரே இந்திய பாக்ஸர் இன்றுவரை அவர்தான். அந்த ஹெவிவெயிட் தங்கம் மறுபடி ஓர் இந்தியர் கைக்கு வர 1982 வரை ஆனது. டெல்லியில் அதை வென்றவர் கௌர் சிங். அவரும் ராணுவ வீரர்தான்.

அலியும் ஹவா சிங்கும்

அதே காலத்தில் அமெரிக்காவில் என்ன நடந்தது பாருங்க. 1960 ரோம் ஒலிம்பிக்கில் லைட் ஹெவிவெயிட் தங்கம் வென்றார் முகமது அலி. 1964-ல் உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். 1967-ல் ராணுவத்தில் சேர மறுத்ததற்காக அவருடைய பட்டம் பறிக்கப்பட்டது, மூணு வருஷத்துக்கும் மேல் ரிங்கில் ஏற முடியவில்லை. இங்கே ஹவா சிங் ராணுவத்தில் இருந்ததால்தான் ஜகார்த்தாவை இழந்தார். ராணுவத்தில் இருந்ததால்தான் பாக்ஸராகவும் ஆனார். கொடுத்ததும் அதே கை, தடுத்ததும் அதே கை.

அலி 1980-ல் சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி ஆடியபோது ஊரே திரண்டது. எம்.ஜி.ஆரும் வந்தார். நம்ம ஊர் ஆசிய சாம்பியனுக்கு அப்படி ஒரு கூட்டம் எங்கேயும் கூடவில்லை. டி.வி. இல்லாத காலம், பேப்பரில் கிரிக்கெட்டுக்கும் ஹாக்கிக்கும்தான் இடம்.

இன்னொரு பெரிய குறையும் உண்டு. 1952-க்குப் பிறகு 1972 வரை எந்த ஒலிம்பிக்குக்கும் இந்தியா பாக்ஸர்களை அனுப்பவே இல்லை. ஹவா சிங்கின் உச்ச காலத்தில் வந்த ரோம், டோக்கியோ, மெக்சிகோ சிட்டி மூன்றுமே அப்படித்தான் கடந்துபோயின. அவர் ஒலிம்பிக்கில் என்ன செய்திருப்பார் என்ற கேள்விக்கு, பதில் கண்டுபிடிக்கும் வாய்ப்பையே யாரும் அவருக்குத் தரவில்லை.

தனக்குக் கிடைக்காததைத் தன் ஊருக்கு!

இந்த இடத்தில் கசப்பாகி ஒதுங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஓய்வுக்குப் பிறகு ஹவா சிங் பிவானிக்கே திரும்பினார். அங்கே இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையத்தில் கோச் ஆனார். தான் சின்ன வயசில் இருந்தபோது ஊரில் இல்லாத மூணு விஷயங்கள் ஞாபகம் இருக்கா? கிளவுஸ், ரிங், சொல்லிக்கொடுக்க ஒரு ஆள். அந்த மூணாவது ஆளாக அவரே நின்றார். ராஜ்குமார் சங்வான் போன்ற சர்வதேச பாக்ஸர்கள் அவரிடம் பயிற்சி பெற்று வந்தவர்கள்.

விளைவு என்ன தெரியுமா? 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் களமிறங்கிய இந்திய பாக்ஸர்கள் 5 பேரில் 4 பேர் பிவானியில் பயிற்சி பெற்றவர்கள். அதில் விஜேந்தர் சிங் வென்ற வெண்கலம்தான் ஒலிம்பிக் பாக்ஸிங்கில் இந்தியாவின் முதல் பதக்கம். பிவானிக்கு 'மினி கியூபா' என்றே பெயர் வந்தது. அந்தத் தலைமுறையை வளர்த்த கோச்கள் வேறு. ஆனா பிவானியில் ஒரு பையன் பாக்ஸிங் கத்துக்கப் போறேன்னு சொன்னா வீட்டில் சிரிக்காமல் அனுப்புகிற நிலைமை, ஹவா சிங்கிடமிருந்துதான் தொடங்கியது.

அதைப் பார்க்க அவர் இல்லை. சிறந்த பயிற்சியாளருக்கான 1999-ம் ஆண்டு துரோணாச்சார்யா விருது அவருக்கு அறிவிக்கப்பட்டு, 2000 ஆகஸ்ட் 29-ல் டெல்லியில் வழங்கப்பட இருந்தது. ஆகஸ்ட் 14-ல் பிவானியில் திடீரென இறந்துபோனார் ஹவா சிங். வயது 62. வெறும் 15 நாள்! அவருடைய மனைவிதான் போய் விருதை வாங்கினார்.

மகன் சஞ்சய் ஷியோரானும் பாக்ஸர், கோச். பேத்தி நூபுர் ஷியோரான் 2025 செப்டம்பரில் இங்கிலாந்தின் லிவர்பூலில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் வெள்ளி வென்றார். எந்தப் பிரிவில் தெரியுமா? 80 கிலோவுக்கு மேல். பெண்களில் இருப்பதிலேயே கனமான பிரிவு!