அலுவலகப் படியேறும் உரிமை: இரட்டைமலை சீனிவாசனின் வாழ்வு

கீழ்பென்னாத்தூர் வட்டாட்சியர் அலுவலகத்துக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு வரும் கல்லூரி மாணவர், அதன் படியேறுவதை ஓர் உரிமையாக எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் பொது அலுவலகத்துக்குள் நாமும் நுழையலாம் என்பதற்குச் சென்னைச் சட்டசபை தனியே ஒரு தீர்மானம் நிறைவேற்ற வேண்டியிருந்தது. ஆண்டு 1924. கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன்.

அவரை நாம் பெரும்பாலும் வட்டமேசை மாநாட்டுப் படத்தில், அம்பேத்கருக்கு அருகில் நிற்பவராகவே அறிகிறோம். தாம் தீண்டப்படாதவர் என்று கூறி மன்னருக்குக் கைகொடுக்கத் தயங்கிய கதையும் மேடைதோறும் சொல்லப்படுகிறது. அந்தக் கதையின் வெளிச்சத்தில் அவரது நாற்பதாண்டு உழைப்பு மங்கிப்போனது என்பதே நம் கருத்து.

செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த அவர், கோயம்புத்தூரில் படித்தார். ஏறத்தாழ 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர அனைவரும் பிராமணர். பிறப்பிடத்தையும் உறவினரையும் பற்றி யாரேனும் கேட்டுவிடுவார்களோ என்றஞ்சி, பள்ளிக்கு வெளியே நின்று, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் செல்வார். சாதியை மறைத்து வாழ்ந்த அந்தச் சிறுவனே, 1893 அக்டோபரில் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்று பெயரிட்டார். இழிவாக வீசப்பட்ட சொல்லைத் தலைப்பில் ஏற்றியதை அவருடைய மைத்துனரான அயோத்திதாசப் பண்டிதர் ஏற்கவில்லை; அவர் தேடிய அடையாளம் பூர்வ பௌத்தம். இந்தக் கருத்து வேறுபாட்டை மறைக்க வேண்டிய தேவை நமக்கில்லை. இரண்டணா விலையில் நான்கு பக்க மாத இதழாகத் தொடங்கிய 'பறையன்', மூன்றே மாதத்தில் வார இதழாயிற்று.

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் கும்பல்களால் கொல்லப்படுவதை எழுதியதற்காக ஐடா பி. வெல்ஸின் மெம்ஃபிஸ் அச்சகம் 1892இல் சூறையாடப்பட்டது. டு போய்ஸ் ஆசிரியராக இருந்து 'தி கிரைசிஸ்' இதழைத் தொடங்கியது 1910இல். நம் மண்ணின் முயற்சி அவற்றுக்குப் பின்னால் வந்த நிழல் அன்று; அதே காலத்தில் தனியே எழுந்த குரல்.

ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தக் காங்கிரசு கோரியபோது, ஆதிக்கச் சாதியினரே அதிகாரிகளாகக் குவிவார்கள் என்று அவர் எதிர்த்தார். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட 112 அடி நீள மனுவை இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார். தேசத் துரோகம் என்று இதை எளிதில் தள்ளிவிடுவோர் உண்டு. எந்த ஊரின் கர்ணமும் மணியக்காரரும் யாராக இருந்தார்கள் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

1900இல் இலண்டனை நோக்கிப் புறப்பட்டவர் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்துத் திரும்பினார். 1923இல் சட்டசபையின் நியமன உறுப்பினரானார்.

மறு ஆண்டு ஆகஸ்டில் நிறைவேறிய அவரது தீர்மானம், பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றில் எந்த வகுப்பினருக்கும் தடையில்லை என்றது. செப்டம்பர் 25 அன்று அரசாணை வந்தது. அரசிதழில் அச்சிட்டால் சேரிக்குத் தெரியாதல்லவா? எனவே தண்டோரா போட்டும் அறிவிக்கப்பட்டது. பறையடித்தவரும் பெரும்பாலும் சேரிக்காரரே. தம் உரிமையைத் தாமே ஊருக்கு அறிவித்துவிட்டு, அதே ஊரில் அன்று இரவும் தங்க வேண்டியிருந்தது அவருக்கு. ஆணையை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு எவர் கையில் இருந்ததோ, அவர்களே தடுத்தவர்களும். சீனிவாசன் இதை அறியாதவர் அல்லர். எனினும், தாளில் இல்லாத உரிமையை எவரும் கேட்கவே முடியாது என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

1930இல் அம்பேத்கரோடு இணைந்து அரசியல் பாதுகாப்புக் கோரிக்கைகளை இலண்டனில் அளித்தார். தனித் தொகுதி கேட்ட அவரே 1932இல் பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட நேர்ந்தது. 1939இல் தம் வாழ்க்கைச் சுருக்கத்தை எழுதி வெளியிட்டார். 1945 செப்டம்பர் 18 அன்று மறைந்தார்.

மாகாணம் முழுமைக்குமான ஆலய நுழைவுச் சட்டம் 1947இல் வந்தது. கீழ்பென்னாத்தூர் அமைந்துள்ள இதே திருவண்ணாமலை மாவட்டத்தின் தென்முடியனூரில், முத்துமாரியம்மன் கோயிலுக்குள் பட்டியல் சமூகத்தினர் 2023 ஜனவரி 30 அன்று, காவல்துறைப் பாதுகாப்போடு நுழைந்தனர்.