பறவையியல் அறிஞர் சலீம் அலி

கல்வி ஏட்டளவில் அடங்குவதன்று. கண்ணால் ஊன்றிக் காண்பதும், கண்டதை உள்ளத்தில் நிறுத்தி ஆராய்வதும், ஆராய்ந்து தெளிந்ததைப் பிறர்க்கு எடுத்துரைப்பதும் கல்வியே ஆகும். அத்தகைய கல்வியால் உயர்ந்து, பறவைக்கும் பூவுக்கும் உள்ள உறவை நம் நாட்டார்க்கு விளக்கிக் காட்டியவர் சலீம் அலி என்னும் பேரறிஞர் ஆவார்.

சலீம் அலி 1896-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் பம்பாய் மாநகரில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையையும் தாயையும் அடுத்தடுத்து இழந்தார். தாய்மாமனாகிய அமீருத்தீன் தியாப்ஜி அவரை அன்புடன் வளர்த்தார். சிறுவர் சலீம் ஒருநாள் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அது வழக்கமாகக் காணும் சிட்டுக்குருவியைப் போன்றதே. எனினும், அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் ஒன்று தீட்டியதுபோல் விளங்கிற்று. அஃது என்ன பறவை என்று மாமனுக்கும் விளங்கவில்லை. சிறுவர் அதனை எடுத்துக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்குச் சென்றார். கழகச் செயலாளர் மில்லார்டு என்னும் ஆங்கிலேயர் பறவையின் பெயரைக் கூறியதோடு அமையாது, அங்குப் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். அன்று அச்சிறுவர் உள்ளத்தில் ஊன்றிய விதையே பின்னர் ஆலமரமாய்த் தழைத்தது.

ஆயினும், அவர் சென்ற வழி எளிய வழியன்று. கல்லூரிப் படிப்பை இடையில் விட்டுப் பர்மா நாட்டிற்குச் சென்று, குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலையும் மரத் தொழிலையும் கவனித்தார். அங்கும் அவர் கண் காட்டுப் பறவைகளையே நாடிற்று. தாயகம் திரும்பியபின் விலங்கியல் பயின்றார். எனினும், பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமையால் அரசின் விலங்கியல் துறையில் அவருக்குப் பணி கிட்டவில்லை. 1926-ஆம் ஆண்டு பம்பாய் அருங்காட்சியகத்தில், காண வருவோர்க்கு விளக்கம் கூறும் பணியை ஏற்றார். பின்னர், பறவையியலை முறையாகக் கற்க விழைந்து, செருமனி நாட்டின் பெர்லின் நகருக்குச் சென்று, ஸ்ட்ரெசெமான் என்னும் அறிஞரிடம் பயின்றார். 1930-இல் அவர் திரும்பி வந்தபோது, பொருள் முட்டுப்பாட்டால் அவருடைய பணியிடமே நீக்கப்பட்டிருந்தது.

கற்ற கல்வி கையில் இருந்தது. பிழைக்கும் வழிதான் இல்லை. வேறொருவராயின் மனம் தளர்ந்து, பறவைகளை மறந்து வேறு தொழில் தேடிச் சென்றிருப்பர். சலீம் அலி அவ்வாறு செய்யவில்லை. மனைவியார் தெகமினாவுடன் கொங்கணக் கடற்கரையில் உள்ள கிகிம் என்னும் சிற்றூரில் குடியேறினார். அங்கே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டும் முறையை நாள்தோறும் அமர்ந்து நோக்கிக் குறிப்பெடுத்தார். வேலையற்றிருந்த காலமே அவருக்கு ஆய்வுக் காலமாயிற்று.

அக்காலத்தில் அவர் ஆராய்ந்த மற்றொன்று புல்லுருவி என்னும் செடியாகும். இது மண்ணில் வேரூன்றாமல், மாமரம் முதலியவற்றின் கிளைகளைப் பற்றிக்கொண்டு வாழ்வது. இதன் மொட்டு முதிர்ந்தும் எளிதில் விரிவதில்லை. தேன்சிட்டோ, பூக்கொத்தி என்னும் சிறு பறவையோ தன் அலகால் அம்மொட்டைத் தீண்டி அழுத்தும்போதே அது சட்டென்று பிளக்கும். உடனே மகரந்தத்தூள் பறவையின் தலையில் படியும். தேனுண்ட பறவை அடுத்த பூவை நாடிச் செல்ல, அத்தூளும் உடன் சென்று அங்குள்ள சூல்முடியில் ஒட்டும். இங்ஙனம் பூ காயாகிக் கனிந்தபின், பூக்கொத்தியே பழத்தை உண்டு, பசைமிக்க விதையை வேறொரு கிளையில் சேர்த்துவிடும். பூவுக்குத் தூதும் விதைக்கு ஊர்தியும் பறவையே என்பதனை அவர் 1931-இல் கட்டுரையாக வெளியிட்டார். மறு ஆண்டில், இந்தியாவில் பூக்களை நாடும் பறவைகளையும், பறவைகளை நம்பியிருக்கும் பூக்களையும் பற்றி விரிவான கட்டுரை ஒன்றும் எழுதினார். இலவம், முள்முருங்கை முதலிய மரங்கள் செந்நிற மலர்களை ஏந்தித் தேனைச் சுரந்து பறவைகளை அழைப்பதன் காரணம் இதனால் விளங்கும்.

இவ்வுறவு வெப்பமண்டல மழைக்காட்டில் இன்றியமையாதது. அக்காட்டில் மரங்கள் நெருங்கி நிற்பதால் உள்ளே காற்றோட்டம் குறைவு. மேலும், ஓரினத்து மரங்கள் அடுத்தடுத்து நில்லாமல் தொலைவில் சிதறி நிற்கும். ஆகையால், காற்றை நம்பி மகரந்தத்தை அனுப்புதல் பயன் தராது. வெப்பமண்டலத்துப் பூக்கும் செடிகளுள் 100-க்கு 90-க்கு மேற்பட்டவை உயிரினங்களின் துணையாலேயே மகரந்தச் சேர்க்கை பெறுகின்றன. தேனீயும் வண்டும் அந்துப்பூச்சியும் பகலிலும் இரவிலும் இத்தொண்டினைச் செய்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் வெடிப்பலா மரத்தின் பூக்களைப் பழந்தின்னி வௌவால்கள் இரவில் நாடுகின்றன. அதன் காயிலுள்ள விதைகள் சிங்கவால் குரங்குகட்கு உணவாகின்றன. ஒன்றை அகற்றினால் மற்றொன்று வாடும். இதுவே காட்டின் இயல்பு.

அத்தகைய காடுகளை நேரிற் காணும் பேறு சலீம் அலிக்கு 1933-ஆம் ஆண்டில் வாய்த்தது. திருவாங்கூர், கொச்சி நாட்டுப் பறவைகளைக் கணக்கெடுக்கும் பணியை மேற்கொண்டு, தெகமினாவுடன் மலையும் காடும் அலைந்தார். அம்மையார் காட்டுக் கூடாரங்களில் தங்கி, ஏவல்களை மேற்பார்த்துக் கணவர்க்கு உறுதுணையாய் விளங்கினார். 1939-இல் அம்மையார் மறைந்தபோது சலீம் அலி பெருந்துயர் உற்றார். எனினும், ஆய்வைக் கைவிடவில்லை. 1941-இல் அவர் எழுதிய இந்தியப் பறவைகள் பற்றிய நூல் எண்ணற்ற இளைஞர்க்குப் பறவை காணும் கண்ணைத் தந்தது.

முதுமையில் அவர் தம் அறிவைக் காட்டைக் காக்கும் படைக்கலமாக ஏந்தினார். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழை ஆற்றின் குறுக்கே அணை கட்டி மின்னாற்றல் பெறத் திட்டம் வகுக்கப்பட்டது. மின்சாரம் நாட்டுக்குத் தேவையே. ஆனால், தொன்மையான மழைக்காடு ஒருமுறை அழிந்தால் அதனை மீண்டும் படைக்க எவராலும் இயலாது. சலீம் அலி அப்பள்ளத்தாக்கிற்கு நேரிற் சென்று பார்த்து, திட்டத்தைக் கைவிடுமாறு வேண்டினார். அறிஞர், கவிஞர், ஆசிரியர் எனப் பலரும் குரல் கொடுத்தனர். முடிவில் திட்டம் கைவிடப்பட்டது; 1984-இல் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

பத்மபூசண், பத்மவிபூசண் முதலிய சிறப்புகள் அவரைத் தேடி வந்தன. 1972-இல் புதிய இனமென்று உலகிற்கு அறிவிக்கப்பட்ட பழந்தின்னி வௌவால் ஒன்றிற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அவ்வினம் முதன்முதலாகக் கிடைத்தது தமிழ்நாட்டின் மேகமலையிலேயாம். தம் 90-ஆம் வயதில், 1987-ஆம் ஆண்டு, அவர் இயற்கை எய்தினார். 1990-இல் கோவையை அடுத்த ஆனைகட்டியில் அவர் பெயரால் பறவையியல் ஆய்வு மையம் நிறுவப்பட்டது.

சலீம் அலியின் வாழ்வு உணர்த்தும் பாடம் நம் ஊர்கட்கும் பொருந்தும். திருவண்ணாமலையில் வறண்ட மலைச்சரிவுகளைப் பசுமையாக்கும் நோக்குடன் அண்மைக் காலத்தில் மரக்கன்றுகள் நட்டு வளர்க்கப்படுகின்றன. அது மழைக்காடு அன்று. எனினும், அங்கும் விதி ஒன்றே. மலையை வலம்வருவோர் அடி அண்ணாமலையைக் கடந்து செல்லும்போது, வழியோர மலர்களில் தேன்சிட்டு சிறகடித்துத் தேனுண்பதைக் காணலாம். கன்றை நடுவது மனிதன் கை. அதனைக் காய்க்கச் செய்து, விதை பரப்பிக் காடாக்குவன பறவையும் வண்டும் வௌவாலுமே. அவற்றின் கூட்டைக் கலைக்காமலும், கல்லெறிந்து துரத்தாமலும் காப்பது மாணவர் கடமையாகும். துப்பாக்கி ஏந்திய கையையே தூவலேந்தும் கையாக மாற்றிக்கொண்ட சலீம் அலியை நினைந்து போற்றும் முறையும் அதுவே.