யார் இந்த மினகாட்டா குமாகுசு? கோவில் காடுகளுக்காக ஜெயிலுக்குப் போன ஜப்பான்காரர்

கரையில் இருக்கும் மரத்தை வெட்டினால் கடலில் மீன் குறையுமா? ஜப்பான் மீனவர்களைக் கேட்டால் 'ஆமாம், இதுகூடத் தெரியாதா?' என்பார்கள். கரையோரக் காட்டின் நிழல் விழும் தண்ணீரில் மீன் கூடும். மரத்திலிருந்து விழும் பூச்சி மீனுக்கு இரை. காடு இருந்தால் மழையில் மண் கரைந்து கடலைக் கலக்காது. இப்படிப்பட்ட காடுகளுக்கு அங்கே தனிப் பெயரே உண்டு, 'உவோட்சுகி ரின்'. மீனை இழுக்கும் காடு என்று வைத்துக்கொள்ளலாம். 1897ல் வந்த ஜப்பான் வனச் சட்டத்திலேயே இதற்கு இடம் இருந்தது.

சட்டத்தில் இருந்தது சரி, ஆனால் ஒன்பதே வருடத்தில் அரசே வேறொரு உத்தரவைப் போட்டு அந்தக் காடுகளுக்கு வேட்டு வைத்தது. அதை எதிர்த்து நின்றவர்தான் மினகாட்டா குமாகுசு.

1867ல் வகாயாமாவில் பிறந்தவர். காலேஜ் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அமெரிக்கா போய், பிறகு லண்டன் சேர்ந்தார். பிரிட்டிஷ் மியூசியமே கதி என்று கிடந்து பல மொழிப் புத்தகங்களைப் படித்துத் தள்ளினார். 'நேச்சர்' இதழில் மட்டும் 50 கட்டுரைகளுக்கு மேல் எழுதியிருக்கிறார். சீனப் புரட்சித் தலைவர் சுன் யாட்-சென் அங்கே கிடைத்த நண்பர். கோபம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. மியூசியத்தின் படிப்பறையில் ஒருவரை அடித்துவிட்டு, கடைசியில் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். 1900ல் ஊர் திரும்பி, 1904ல் தனாபே என்ற கடலோர ஊரில் குடியேறினார். காடு காடாக அலைந்து சளிப்பூஞ்சைகளைச் சேகரிப்பதுதான் வேலை. செடியும் இல்லாமல் விலங்கும் இல்லாமல், அழுகிய மரத்தில் ஊர்ந்து வளரும் விநோத உயிர் அது.

1906ல் வந்தது அந்த உத்தரவு. ஊருக்கு ஒரு ஷின்டோ கோவில் போதும், மற்றதை அதோடு இணைத்துவிடுங்கள் என்றது அரசு. நம்ம ஊர்க் கோவில் காடு மாதிரிதான், அங்கேயும் ஒவ்வொரு சின்னக் கோவிலைச் சுற்றியும் யாரும் கை வைக்காத பழங்காடு இருக்கும். கோவில் போனால் காட்டுக்குக் காவல் ஏது? மரங்கள் விலைக்குப் போயின. 1914க்குள் நாடு முழுக்க சுமார் 70 ஆயிரம் கோவில்கள் காணாமல் போய்விட்டன. வகாயாமாவில் பாதிப்பு ரொம்ப மோசம்.

குமாகுசு சும்மா இருப்பாரா? 1909லிருந்து உள்ளூர் பத்திரிகையில் விடாமல் எழுதினார். 1910 ஆகஸ்டில், கோவில் இணைப்பை முன்னின்று நடத்திய அதிகாரி ஒரு கூட்டத்துக்கு வந்திருப்பதாகத் தெரிந்து, குடித்துவிட்டுப் போய் உள்ளே புகுந்து ரகளை செய்தார். 18 நாள் உள்ளே வைத்தார்கள். அங்கேயும் ஒரு சளிப்பூஞ்சையைக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டுதான் வெளியே வந்தார்! அவர் செய்தது சரி என்று சொல்ல முடியாது. ஆனால் அதன் பிறகு அவர் எடுத்த வழி வேறு. கடிதங்கள், நீளநீளமான கடிதங்கள். அதில் சிலவற்றை நாட்டார் வழக்காற்று அறிஞர் யானகிடா குனியோ 1911ல் அச்சிட்டுப் பெரிய மனிதர்களுக்கு அனுப்பினார். அதே ஆண்டு மாகாண ஆளுநருக்கு எழுதிய கடிதத்தில் 'எக்காலஜி' என்ற சொல்லையே குமாகுசு பயன்படுத்தியிருக்கிறார். காடு போனால் பறவை போகும், பூச்சி பெருகும், மீன் போகும், கடைசியில் ஊரின் ஒற்றுமையும் போகும் என்பது அவர் வாதம்.

தனாபே விரிகுடாவில் காஷிமா என்று ஒரு குட்டித் தீவு. மீனவர்கள் கும்பிட்ட கோவில் அங்கே இருந்தது. அந்தக் கோவிலையும் கரைக்கு இணைத்துவிட்டார்கள். 1911ல் மரம் வெட்ட ஆரம்பித்தாகிவிட்டது. குமாகுசு நேராக கிராமத் தலைவரிடம் பேசினார். தீவு மொட்டையானால் விரிகுடாவில் வலை போடுபவர்கள் பிழைப்பு என்னாகும் என்பதுதான் கேள்வி. தலைவர் வெட்டுவதை நிறுத்தினார். 1912ல் காஷிமா பாதுகாப்புக் காடானது. ஜெயிலுக்குப் போய் நடக்காதது, ஊர்த் தலைவரோடு உட்கார்ந்து பேசியதில் நடந்தது.

எல்லா இடத்திலும் இப்படி ஜெயிக்கவில்லை. பல காடுகள் கண்ணெதிரே போயின. இணைப்புக் கொள்கை 1920ல்தான் முடிவுக்கு வந்தது. அதற்குள் போனது போனதுதான். ஆனால் குமானோ பாதையில் அவர் போராடி மிச்சம் வைத்த சில ராட்சத சீடர் மரங்களை இன்றும் போய்ப் பார்க்கலாம்.

1929 ஜூன் 1. பேரரசர் ஹிரோஹிட்டோ காஷிமாவுக்கு வந்தார். அவரும் உயிரியல் ஆராய்ச்சி செய்பவர். டிகிரி எதுவும் இல்லாத குமாகுசுதான் தீவில் அவரை வரவேற்றார். பிறகு 'நாகாட்டோ' போர்க்கப்பலில் அவருக்குப் பாடம் நடத்தினார். பரிசாகக் கொடுத்த 110 சளிப்பூஞ்சை மாதிரிகளை வைத்திருந்தது எதில் தெரியுமா? கேரமல் மிட்டாய் அட்டைப்பெட்டிகளில்.

1934ல், வயது 67 ஆன பிறகு, தீவின் தாவரங்களை மறுபடி கணக்கெடுத்தார். அடுத்த ஆண்டே காஷிமா தேசிய இயற்கைச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1941 டிசம்பர் 29 அன்று தனாபேயில் இறந்தார்.

1962ல் அந்தப் பக்கம் மீண்டும் வந்த பேரரசர், மழையில் தெரிந்த காஷிமாவைப் பார்த்து ஒரு கவிதை எழுதினார். அதில் குமாகுசுவின் குடும்பப் பெயரையும் சேர்த்தே எழுதினார். அந்தத் தீவில் அனுமதி இல்லாமல் இன்றும் யாரும் கால் வைக்க முடியாது.