வரி போட வந்தவர் வம்சத்தைக் காத்தார்

தாத்தாவின் தாத்தா யார்? அவருக்கு எந்த ஊர்?

அமெரிக்காவில் அயர்லாந்து வம்சத்தினர் என்று தங்களைச் சொல்லிக்கொள்வோர் 3 கோடிக்கு மேல் இருக்கிறார்கள். பூர்வீகத்தைத் தேடிப் புறப்படும் அவர்கள், ஒருவர் போட்ட கணக்கைப் பார்க்காமல் இருக்க முடியாது. அவர்தான் சர் ரிச்சர்டு கிரிபித்.

அவர் வம்ச வரலாறு எழுதியவர் அல்ல. நிலத்துக்கு மதிப்புப் போட்ட அதிகாரி!

1784இல் டப்ளின் நகரில் கிரிபித் பிறந்தார். அவருடைய தகப்பனார் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்து, இந்தியாவில் பெரும் பணம் சேர்த்து ஊர் திரும்பியவர். மகனோ சிறு வயதில் பட்டாளத்தில் சேர்ந்து, பிறகு அதை விட்டுச் சுரங்கப் படிப்புப் படித்தார். சதுப்பு நிலங்களை அளந்தார். தெற்கே கார்க், கெர்ரி பகுதிகளில் சாலைகள் போட்டார்.

1839இல் அயர்லாந்தின் பெரிய மண்ணியல் படத்தை வெளியிட்டார். புகழ் குவிந்தது. ஆனால் அந்தப் படத்துக்காகக் காடு மேடெல்லாம் அலைந்தவர்களில் ஒருவர் பேட்ரிக் கான்லி என்ற ஊழியர். அவருக்கு உரிய பெருமையைக் கிரிபித் கொடுக்கவில்லை. இது ஒரு குறைதான்.

பஞ்சம் வந்தது

1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஏழைகளுக்கு அதுதான் சோறு. சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். இன்னும் 10 லட்சம் பேர் கப்பல் ஏறினார்கள்.

ஏழைகளைக் காப்பாற்ற வரி வசூலிக்க வேண்டும். வரி போட நிலத்தின் மதிப்புத் தெரிய வேண்டும். கிரிபித்தின் ஆட்கள் ஊர் ஊராகப் போனார்கள். மண்ணைத் தோண்டிப் பார்த்தார்கள். சந்தை எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டார்கள். வீட்டையும் தொழுவத்தையும் மதிப்பிட்டார்கள்.

1847 முதல் 1864 வரை இந்தக் கணக்கு புத்தகங்களாக அச்சாயிற்று. குடியிருப்பவர் பெயர், நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர் பெயர், பரப்பு, மதிப்பு எல்லாம் அதில் உண்டு. ஒரே ஊரில் இரண்டு ஜான் மர்பி இருந்தால் குழப்பம் வருமே? பெயருக்குப் பக்கத்தில் தகப்பன் பெயரையும் சேர்த்தார்கள்!

1878இல், 94 வயதில், கிரிபித் காலமானார்.

தீயில் போனவை

1922இல் அயர்லாந்தில் உள்நாட்டுப் போர் மூண்டது. டப்ளினில் இருந்த அரசாங்க ஆவணக் காப்பகம் தீக்கிரையாயிற்று. 1821 முதல் 1851 வரை எடுத்த ஜனத்தொகைக் கணக்குகள் அநேகமாக முழுவதும் சாம்பல். பிராட்டஸ்டண்டு தேவாலயங்கள் பலவற்றின் பதிவேடுகளும் அங்கேதான் இருந்தன. அவையும் போயின. அடுத்து எடுத்த கணக்குகளையோ அரசாங்கமே அழித்துவிட்டது. என்ன கொடுமை!

கிரிபித்தின் கணக்கு அச்சிட்ட புத்தகமாயிற்றே! பிரதிகள் பல இடங்களில் இருந்தன. ஆகவே தப்பியது. ஜனத்தொகைக் கணக்கு இல்லாத குறையை இன்று அதுதான் தீர்க்கிறது.

ஆனால் அதில் குடும்பத் தலைவர் பெயர்தான் உண்டு. மனைவி, மக்கள் பெயர் இல்லை. அதற்குக் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போக வேண்டும். அந்தப் பதிவேடுகள் டப்ளினுக்குப் போகாமல் அந்தந்தக் கோயிலிலேயே இருந்ததால் பிழைத்தன. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது தாய், தகப்பன், ஞானப் பெற்றோர் பெயர்களைப் பாதிரியார் எழுதி வைத்தார். பல ஏடுகள் லத்தீனில் இருக்கின்றன. ஜேம்ஸ் அங்கே ஜேக்கோபஸ்! இது தெரியாதவர்கள் ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டே பாட்டனைத் தவறவிடுவார்கள்.

2015இல் அயர்லாந்து தேசிய நூலகம் இந்த ஏடுகளின் படங்களை இலவசமாக இணையத்தில் வெளியிட்டது. ஏட்டில் பெயர் கிடைத்ததும், கிரிபித் புத்தகத்தில் அந்த ஊரைப் பார்க்கலாம். ஒவ்வொரு நிலத்துக்கும் ஓர் எண் உண்டு. பழைய நிலப்படத்தில் அதே எண்ணைத் தேடினால் பாட்டன் உழுத வயல் தெரியும்.

அங்கே போய்ப் பார்க்கிறவர்களும் உண்டு. பலருக்கு மிஞ்சியிருப்பது கூரை போன கல் சுவர்தான்.