பீ அம்மா: அலி சகோதரர்களை வளர்த்த தாய்

 

இமாம் ஷாஃபிஈ ரஹ்மதுல்லாஹி அலைஹி அவர்களின் தாயைப் பற்றி ஜும்ஆவில் பலமுறை கேட்டிருப்பீர்கள். கணவரை இழந்து, கைக்குழந்தையோடு காஸாவிலிருந்து மக்காவுக்குப் போனவர். ஓதிக் கொடுக்கும் உஸ்தாதுக்குக் காசு கொடுக்கக்கூட வழியில்லாத வீடு அது. ஆனால் அந்த வீட்டிலிருந்துதான் ஒரு மத்ஹபே வந்தது. அப்படிப்பட்ட தாய்மார்கள் அந்தக் காலத்தோடு முடிந்துவிட்டார்கள் என்று நினைக்கிறோம். இல்லை. நூறு வருடங்களுக்கு முன் நம் நாட்டிலேயே ஒருவர் வாழ்ந்தார். அவருடைய பெயர் ஆபாதி பானு பேகம். நாடே அவரை பீ அம்மா என்று அழைத்தது.

வடக்கே அம்ரோஹா ஊரில் 1850 வாக்கில் பிறந்தவர். ராம்பூர் சமஸ்தானத்தில் வேலை பார்த்த அப்துல் அலி கானுக்கு வாழ்க்கைப்பட்டார். கணவர் காலரா கண்டு இளவயதிலேயே வஃபாத்தானார். அப்போது பீ அம்மாவுக்கு முப்பது வயதுதான் இருக்கும். 1878-ல் பிறந்த மகன் முஹம்மது அலிக்கு விவரம் தெரியாத பருவம். அவருக்கு மூத்த ஷவ்கத் அலிக்கும் சின்ன வயதுதான். மறுமணம் மார்க்கத்தில் ஆகுமானதுதான், யாரும் தடுக்கவில்லை. ஆனாலும் அவர் பிள்ளைகளை வளர்ப்பதையே தன் வேலையாக எடுத்துக்கொண்டார்.

அவர் பள்ளிக்கூடம் போனவர் அல்ல. அதிகம் எழுதப் படிக்கத் தெரியாது. தொழுகையும் நோன்பும் அல்லாஹ்வின் மீது வைத்த தவக்குலும்தான் அவருடைய படிப்பு. அப்படிப்பட்டவர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப முடிவெடுத்தபோது, சொத்தைப் பார்த்துக்கொண்டிருந்த உறவினர் பணம் தர மறுத்துவிட்டார். ஆங்கிலம் படித்தால் பிள்ளைகள் ஈமான் இழந்துவிடுவார்கள் என்பது அவருடைய பயம். அந்தக் காலத்தில் பலருக்கும் இருந்த பயம்தான். பீ அம்மா சண்டை போடவில்லை. யாருக்கும் தெரியாமல் தன் நகையை அடகு வைத்துப் பிள்ளைகளை பரேலிக்கு அனுப்பினார். பிறகு அலிகர். முஹம்மது அலி அங்கிருந்து 1898-ல் ஆக்ஸ்ஃபோர்டு வரைக்கும் போனார்.

நம் சங்கரன்கோவிலிலும் நகை அடகுக்குப் போகத்தான் செய்கிறது. கல்யாணத்துக்குப் போகிறது, விருந்துக்குப் போகிறது. பிள்ளையின் படிப்புக்காக எத்தனை வீட்டில் போகிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். பெண் பிள்ளையின் படிப்புக்கு என்று கேட்டால் இன்னும் குறையும்.

அந்த உறவினர் பயந்தது நடக்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர் திரும்பி வந்து காம்ரேட், ஹம்தர்து என்று பத்திரிகைகள் நடத்தி, சமுதாயத்துக்காகவும் நாட்டுக்காகவும் எழுதினார். 1915-ல் வெள்ளை அரசு சகோதரர்கள் இருவரையும் காவலில் வைத்தது. சிந்த்வாடாவில் வைத்திருந்தபோது பீ அம்மாவும் பிள்ளைகளோடு போய் இருந்தார். விடுதலை வேண்டுமானால் ஒரு உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும் என்று அரசாங்கத்தின் ஆள் காகிதத்தோடு வந்தார்.

பெற்ற வயிறு என்ன சொல்லும்? போட்டுவிட்டு வீட்டுக்கு வா மகனே என்றுதான் சொல்லும். ஆனால் பீ அம்மா அந்த அதிகாரியின் முன்னாலேயே பேசினார். மார்க்கத்துக்கும் நாட்டுக்கும் விரோதமான எதிலாவது தன் பிள்ளைகள் கையெழுத்திட்டால், தன் நடுங்கும் கைகளுக்கு அல்லாஹ் பலம் கொடுப்பான், அவர்கள் குரல்வளையை நானே நெரித்துவிடுவேன் என்ற பொருளில் சொன்னார். வந்த காகிதம் வந்தபடியே திரும்பியது. 1919 கடைசியில்தான் சகோதரர்கள் விடுதலையானார்கள்.

இடையில் 1917-ல், உதகையில் காவலில் வைக்கப்பட்ட அன்னி பெசன்ட் அம்மையாரின் விடுதலைக்காகவும் பீ அம்மா குரல் கொடுத்தார். அந்த வருடம் கல்கத்தாவில் முஸ்லிம் லீக் மாநாட்டுக்கு முஹம்மது அலி தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். அவர் காவலில் இருந்ததால் தலைவர் நாற்காலியில் அவருடைய படத்தை வைத்தார்கள். மகனுக்குப் பதிலாகத் தாய் புர்காவுக்குள் இருந்தபடியே பேசினார்.

1921 செப்டம்பரில் காந்தியடிகளோடு சென்னைக்கு ரயிலில் வந்துகொண்டிருந்த முஹம்மது அலியை வால்டேரில் கைது செய்தார்கள். காந்தியடிகள் அவர் இல்லாமலே தெற்கே வந்தார். அந்தப் பயணத்தில்தான் நம் பக்கத்து மதுரையில் மேலாடையைக் களைந்து அரைவேட்டிக்கு மாறினார். பிறகு கராச்சி வழக்கு. ஆங்கிலேயரின் பட்டாளத்தில் சேவகம் செய்வது ஹராம் என்று தீர்மானம் போட்ட குற்றத்துக்காக சகோதரர்களுக்கும் தேவ்பந்தின் மௌலானா ஹுசைன் அஹ்மத் மதனி போன்றவர்களுக்கும் இரண்டு வருடக் கடுங்காவல்.

இரண்டு பிள்ளைகளும் சிறையில். தாய்க்கு வயது எழுபது. தஸ்பீஹோடு வீட்டில் உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் ஊர் ஊராகப் புறப்பட்டார். கிலாஃபத் நிதி திரட்டினார், பெண்களைக் கூட்டிப் பேசினார், கதர் உடுத்தச் சொன்னார், இந்துக்களும் முஸ்லிம்களும் ஒன்றாக நிற்க வேண்டும் என்றார். பஞ்சாபில் ஒரு பெருங்கூட்டத்தில், நீங்கள் எல்லோரும் என் பிள்ளைகள்தானே என்று சொல்லி முகத்திரையை விலக்கிப் பேசினார். இதைப் பிடித்துக்கொண்டு இன்றும் சிலர் இரண்டு பக்கமும் வாதம் செய்கிறார்கள். முதிய பெண்களுக்கு அல்லாஹ் சூரத்துந் நூரில் சலுகை கொடுத்திருக்கிறான். அவ்வளவுதான், அதற்கு மேல் அதில் தேட ஒன்றுமில்லை.

1924 நவம்பர் 13-ம் தேதியை ஒட்டிய இரவில் டெல்லியில் அவர் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். கடைசி நேரம் என்று கேள்விப்பட்டு காந்தியடிகளும் சரோஜினி நாயுடுவும் ஓடி வந்தார்கள். அந்த வீட்டில் ஒப்பாரி இல்லை என்பதைக் காந்தியடிகளே எழுதி வைத்திருக்கிறார். முஹம்மது அலியின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, ஷவ்கத் அலி சிரமப்பட்டுத் தன்னை அடக்கிக்கொண்டார், எல்லோரும் அல்லாஹ்வின் பெயரை உச்சரித்துக்கொண்டிருந்தார்கள். தன் கஃபனுக்குக் கதர்த் துணியைத்தான் போட வேண்டும் என்று பீ அம்மா முன்பே வஸிய்யத் செய்திருந்தார். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த நம் ஊர்க்காரர்களுக்கு அந்தத் துணியின் மதிப்பை நான் விளக்க வேண்டியதில்லை.

முஹம்மது அலி 1931 ஜனவரி 4-ல் லண்டனில் மௌத்தானார். ராம்பூர் வீட்டில் நகையை அடகு வைத்துப் படிக்க வைக்கப்பட்ட அந்தப் பிள்ளையின் ஜனாஸாவை பைத்துல் முகத்தஸுக்குக் கொண்டு போய், மஸ்ஜிதுல் அக்ஸாவின் அருகில் அடக்கினார்கள்.

யா அல்லாஹ்! அந்தத் தாயின் கப்ரையும் அவர் பிள்ளைகளின் கப்ருகளையும் ஒளியால் நிரப்புவாயாக. ஆமீன்.